ஏர்லைன் பாயின்ட் விதி மாறப்போகிறதாம், இப்போதே செலவழிக்கலாமா?

"வரும் முதல் தேதியிலிருந்து எங்கள் ரிவார்டு திட்டத்தில் சில மாற்றங்கள்" என்று ஏர்லைனிடமிருந்தோ கிரெடிட் கார்டு கொடுத்த பேங்கிடமிருந்தோ ஒரு மெயில் வரும். முதல் மூன்று பத்தியில் நன்றி, வாழ்த்து, புது லோகோ. விஷயம் நாலாவது பத்தியில், இல்லாவிட்டால் அதற்கும் கீழே ஒரு லிங்க்கில் இருக்கும். இதைப் படித்ததும் சிலர் அன்று ராத்திரியே கிடைத்ததை வாங்கிப் பாயின்ட்டைத் தீர்த்துவிடுகிறார்கள். மற்றவர்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மெயிலை மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து டிக்கெட் போட உட்காரும்போதுதான் விலை ஏறியிருப்பதைப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் நஷ்டம்தான், ஆனால் முதல் ஆளுக்கு நஷ்டம் அதிகம். ஏன் என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

இது ஏதோ பெருநகரத்துக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஓசூர் ஃபேக்டரிகளிலிருந்து டிரெயினிங், ஆடிட் என்று ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போய்வரும் இன்ஜினியர்கள், கிரானைட் ஏற்றுமதி செய்பவர்கள், மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்து வரும் அம்மாக்கள் என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பாயின்ட் சேர்ந்து கிடக்கிறவர்கள் ஏராளம். பாதிப் பேருக்குத் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது.

முதலில் அடிப்படை. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்துதான் இந்தப் பழக்கம் பெரிதாகப் பரவியது. எங்கள் விமானத்திலேயே திரும்பத் திரும்ப வாருங்கள், பறந்த மைலுக்கு ஏற்ப பாயின்ட் தருகிறோம், சேர்ந்ததும் ஒரு டிக்கெட் இலவசம் என்பதுதான் யோசனை. இப்போது பறக்காமலேயே சேர்க்கலாம். கிரெடிட் கார்டில் மளிகை வாங்கினாலும் பெட்ரோல் போட்டாலும் பேங்க் பாயின்ட் விழும், அதை ஏர்லைன் மைலாக (ஏர்லைன் பாயின்ட்டை மைல் என்றும் சொல்வார்கள்) மாற்றிக்கொள்ளலாம். மைலைக் கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்கு அவார்டு டிக்கெட் என்று பெயர். அது முழு இலவசமில்லை. வரியும், சில ஏர்லைன்களில் எரிபொருள் சர்சார்ஜும் நம் கையிலிருந்து பணமாகப் போகும்.

இந்தப் பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது. விலை ஏறாமல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. பாயின்ட்டை அச்சடிப்பதும் அதற்கு என்ன கிடைக்கும் என்று தீர்மானிப்பதும் ஒரே கம்பெனி, அதுவும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நாம் டிக் அடித்த நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பேங்குகள் ஏர்லைனிடமிருந்து மைலை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கி நமக்குக் கொடுக்கின்றன. ஏர்லைனுக்கு அது நல்ல வருமானம். எவ்வளவு நல்ல வருமானம் என்றால், 2020ல் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. ஆகவே மைல் அச்சடித்துக்கொண்டே இருப்பார்கள். சீட்டு அந்த வேகத்தில் கூடாது. சந்தையில் பாயின்ட் பெருகிப் போனால் ஒரு சீட்டுக்குக் கேட்கும் பாயின்ட்டைக் கூட்டுவதுதான் அவர்களுக்கு எளிய வழி.

நம் ஊரில் பெங்களூரா மாங்காய் போட்டிருப்பவருக்கு இது சட்டென்று புரியும். காய் முற்றிய பிறகு மரத்தில் விட்டுவைத்தால் லாபம் ஒன்றும் கூடாது, எல்லாத் தோட்டத்துக் காயும் ஒரே வாரத்தில் கூழ் ஃபேக்டரி வாசலுக்கு வந்துவிட்டால் விலை இறங்கத்தான் செய்யும், அதற்காகப் பிஞ்சிலேயே பறித்துக் கொட்டினாலும் காசு வராது.

சரி, மெயில் வந்துவிட்டது. முதல் வேலை, மாறப்போவது எது என்று பார்ப்பது. எல்லா மாற்றமும் நம் கையிலிருக்கும் பாயின்ட்டைத் தொடாது.

சேர்க்கும் விதி மட்டும் மாறினால் பதறத் தேவையே இல்லை. ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் தன் திட்டத்தை மாற்றியபோது, பறந்த தூரத்தை வைத்துப் பாயின்ட் கொடுத்ததை விட்டுவிட்டு, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. மலிவு டிக்கெட்டில் தூரமாகப் பறந்தவருக்கு இனிமேல் சேர்வது குறையும். அது வருத்தமான செய்திதான். ஆனால் இனி சேர்வது குறையும் என்பதற்காக ஏற்கெனவே சேர்ந்ததை அவசரமாகச் செலவழிப்பதில் என்ன லாபம்? லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ், கோல்டு, பிளாட்டினம் அந்தஸ்து இவற்றைப் பற்றிய மாற்றமும் இப்படித்தான், அதற்கும் இருப்பிலுள்ள பாயின்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

செலவழிக்கும் விலை மாறுகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு ரகம். பழைய திட்டங்களில் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மைல் என்று ஒரு சார்ட் இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2022 ஜூலையில் தன் கிரிஸ்ஃப்ளையர் சார்ட்டில் பல ரூட்டுகளுக்கு மைல் விலையைக் கூட்டியது, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டது, அந்தத் தேதிக்குள் டிக்கெட் எடுத்தவர்களுக்குப் பழைய விலையே. இந்த மாதிரி மாற்றத்தில் நமக்கு எல்லாம் தெரியும். பழைய எண், புது எண், கடைசித் தேதி மூன்றும் கையில் இருப்பதால் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

இரண்டாவது ரகம் மோசம். சார்ட்டையே எடுத்துவிடுவது. அமெரிக்காவின் டெல்டா 2015 பிப்ரவரியில் தன் வெப்சைட்டிலிருந்து சார்ட்டை எடுத்துவிட்டது. யுனைடெட் 2019 நவம்பரிலிருந்து தன் சொந்த விமானங்களுக்கு அதையே செய்தது. அதற்குப் பிறகு மைல் விலையும் பண விலையைப் போலவே அன்றன்றைக்கு ஏறி இறங்கும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைக்கு மலிவாகக்கூட கிடைக்கும், ஆனால் பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல் சமயத்தில் கேட்கும் மைலைப் பார்த்தால் தலை சுற்றும். குழந்தைகள் லீவில்தான் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் சார்ட் போகப்போகிறது என்ற செய்தியை மற்றவர்களைவிடக் கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, சார்ட் இல்லாத திட்டத்தில் அடுத்த விலை ஏற்றத்துக்கு மெயில்கூட வராது. மாற்றுவதற்குத்தான் அட்டவணையே இல்லையே.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, நம் நாட்டுக் கார்டுக்காரர்களை அதிகம் அடிப்பது அதுதான். ஏர்லைன் ஒன்றும் செய்யாது, பாயின்ட்டை மைலாக மாற்றிக் கொடுக்கும் விகிதத்தைப் பேங்க் குறைத்துவிடும். ஆக்சிஸ் பேங்க்கின் மேக்னஸ் கார்டில் எட்ஜ் என்ற அந்தப் பேங்க்கின் பாயின்ட் 5 கொடுத்தால் 4 மைல் கிடைத்துக்கொண்டிருந்தது. 2023 செப்டம்பர் 1லிருந்து சாதாரண மேக்னஸ் கார்டுக்கு அது 5க்கு 2 ஆயிற்று, பர்கண்டி வகைக் கார்டுக்கு மட்டும் பழைய விகிதம் தொடர்ந்தது. ஒரு லட்சம் பாயின்ட் வைத்திருந்தவருக்கு 80,000 மைலாக இருந்தது 40,000 மைல். பாதி. அதே வருடம் டிசம்பரில், ஆண்டுக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற வரம்பும் வந்தது. சார்ட் ஏற்றம் பத்து, இருபது சதவீதத்தில் நடக்கும். விகிதக் குறைப்பு ஒரே வெட்டாக விழும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மைலின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் பொதுவான பதில் கிடையாது, ஆனால் உங்கள் பயணத்துக்கு என்ன மதிப்பு என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அதே விமானம், அதே தேதிக்குப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று பாருங்கள். அதிலிருந்து அவார்டு டிக்கெட்டுக்கும் கட்ட வேண்டியிருக்கும் வரி, சர்சார்ஜைக் கழியுங்கள். மீதியை மைலால் வகுங்கள்.

ஓசூரிலிருக்கும் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். 60,000 மைல் இருக்கிறது. மே லீவில் சிங்கப்பூர் போக ஆசை. எண்கள் கற்பனைதான், வசதிக்காக முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன். பெங்களூரிலிருந்து போய்த் திரும்பும் டிக்கெட் ஒருவருக்கு 24,000 ரூபாய். அவார்டு டிக்கெட் என்றால் 15,000 மைலும் 4,500 ரூபாய் வரியும். 24,000ல் 4,500 போனால் 19,500. அதை 15,000ஆல் வகுத்தால் ஒரு மைல் 1 ரூபாய் 30 பைசா. நாலு பேருக்கும் 60,000 மைல் கச்சிதமாகச் சரியாகிவிடும், மிச்சமாகும் பணம் 78,000 ரூபாய்.

அடுத்த மாதம் அதே டிக்கெட் 18,000 மைல் ஆகிறது என்று மெயில் வந்தால்? மைல் 1 ரூபாய் 8 பைசாவாக இறங்கும். 60,000 மைலின் மதிப்பு 65,000 ரூபாய். காகிதத்தில் நஷ்டம் 13,000 ரூபாய்தான். ஆனால் நிஜத்தில் நடப்பது வேறு, நாலு டிக்கெட்டுக்கு 72,000 மைல் வேண்டும், 60,000ல் மூன்று பேர்தான் போகலாம், நாலாவது ஆளுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. சதவீதத்தைவிட, எத்தனை சீட்டு குறைகிறது என்பதுதான் முக்கியம்.

இப்போது அந்தப் பதற்றக்காரருக்கு வருவோம். போக இடமில்லை, தேதி நெருங்குகிறது, வீணாகப் போகிறதே என்று கேட்டலாக்கில் மிக்ஸியோ கிஃப்ட் வவுச்சரோ வாங்குகிறார். அங்கே ஒரு பாயின்ட்டுக்கு இருபது, முப்பது பைசா கிடைத்தால் பெரிது. 25 பைசா என்று வைத்துக்கொண்டால் 60,000க்கு 15,000 ரூபாய். சும்மா இருந்திருந்தால் விலை ஏற்றத்துக்குப் பிறகும் அதே மைலுக்கு 65,000 மதிப்பு இருந்திருக்கும். 13,000 ரூபாய் நஷ்டத்துக்குப் பயந்து 50,000 ரூபாயை விட்டுவிட்டார். நான் பார்த்த வரையில் இந்த விஷயத்தில் மக்கள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படிப் போவதுதான், ஏர்லைன் பிடுங்கியது கொஞ்சம்தான்.

ஆகவே மெயில் வந்ததும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. பாயின்ட்டே இல்லாவிட்டாலும் அடுத்த பத்துப் பதினோரு மாதத்துக்குள் போகத்தான் போகிற பயணம் ஏதாவது இருக்கிறதா?

ஏன் பதினோரு மாதம் என்றால், பெரும்பாலான ஏர்லைன்கள் அவ்வளவு முன்னாலேயே புக்கிங்கைத் திறந்துவிடும். கிரிஸ்ஃப்ளையரில் 355 நாள். விலை மாறும் விதி பொதுவாக டிக்கெட் எடுக்கும் தேதியை வைத்துத்தான், பறக்கும் தேதியை வைத்து இல்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாததால் "செப்டம்பரிலிருந்து விலை மாறுகிறதாம், ஆகஸ்டுக்குள் லீவு கிடைக்காதே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆகஸ்டில் உட்கார்ந்து அடுத்த மே மாதத்துக்கு டிக்கெட் எடுக்கலாமே! பழைய விலையில் சீட்டு உங்கள் பெயரில் இருக்கும். மெயிலில் "இந்தத் தேதிக்குள் வழங்கப்பட்ட டிக்கெட்டுகளுக்கு" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயணம் இருக்கிறது, சீட்டு கிடைக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள். தேதி கொஞ்சம் நிச்சயமில்லாமல் இருந்தாலும்கூட எடுக்கலாம், ஏனென்றால் அவார்டு டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பிக் கொடுப்பதுதான் பல திட்டங்களில் வழக்கம், அமெரிக்க ஏர்லைன்கள் சிலவற்றில் அந்தக் கட்டணமும் இல்லை. ரத்துக் கட்டணம் சில ஆயிரம், விலை ஏற்றத்தால் போகப்போவது பத்தாயிரத்துக்கு மேல் என்றால் அந்தக் கட்டணத்தை இன்சூரன்ஸ் பிரீமியமாக நினைத்துக்கொள்ளலாம். இதில் மூன்று கண்ணி இருக்கிறது. மாற்றத் தேதிக்குப் பிறகு பயணத் தேதியை மாற்றினால் புது விலை போட்டுவிடலாம். திரும்பி வரும் மைலுக்கு அதற்குள் காலாவதித் தேதி முடிந்திருந்தால் கணக்குக்கே வராமல் போகலாம். வெயிட்லிஸ்டில் இருக்கும் சீட்டு, மாற்றத் தேதிக்குப் பிறகு உறுதியானால் பெரும்பாலும் புது விலைதான்.

பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற அம்மா, மாமியார் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பெரிய மைல் செலவு இதற்குத்தான் நடக்கிறது. இங்கே போக வேண்டிய மாதம் ஏழெட்டு மாதம் முன்பே தெரிந்துவிடும், தள்ளிப்போட முடியாது, எப்படியும் போயே ஆக வேண்டும். ஆகவே பாயின்ட்டைச் செலவழிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் விசா கையில் இல்லாமல் ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள், இன்டர்வியூ தேதி கிடைப்பது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று போய்வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பிசினஸ் கிளாஸ் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு லட்ச ரூபாய் டிக்கெட்டை மைலில் எடுத்தேன், ஒரு மைலுக்கு மூன்று ரூபாய் கிடைத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த இரண்டு லட்சத்தைக் கையிலிருந்து கொடுத்து நீங்கள் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றால் அந்த மூன்று ரூபாய் வெறும் அலங்காரக் கணக்கு. ஆனால் முட்டிவலியுள்ள அறுபத்தைந்து வயது அம்மா பதினாறு மணிநேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வருவதைவிடப் படுத்துக்கொண்டு வரட்டுமே என்று மைலைக் கொட்டினால், நான் அதில் பைசா கணக்குப் பார்க்க மாட்டேன்.

பயணமே இல்லை, யோசனையும் இல்லை என்றால்? அப்போது ஒன்றும் செய்யாமல் இருப்பது முழுமையான, மரியாதையான முடிவு. காலாவதித் தேதியை மட்டும் பாருங்கள். இது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கிரிஸ்ஃப்ளையர் மைல் சேர்ந்ததிலிருந்து மூன்று வருடம், நீங்கள் நடுவில் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதே மூன்று வருடம்தான். எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸிலும் மூன்று வருடக் கணக்கு, ஆனால் உங்கள் பிறந்த மாதத்தின் முடிவில் கழியும். பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தாரும் பயன்படுத்தும் ஏவியோஸ் வேறு மாதிரி, 36 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் போகும், நடுவில் கொஞ்சம் சேர்த்தாலோ செலவழித்தாலோ மறுபடியும் முதலிலிருந்து 36 மாதம். ஆகவே ஏவியோஸ்காரருக்குக் காலாவதி ஒரு சாக்கே இல்லை, கிரிஸ்ஃப்ளையர்காரருக்கு அது விலை மாற்றத்தைவிடப் பெரிய விஷயம்.

பேங்க் பாயின்ட்டுக்கு என் கருத்து இன்னும் கறாரானது. பயணமும் சீட்டும் கண்ணில் தெரியாமல் பேங்க் பாயின்ட்டை ஏர்லைன் மைலாக மாற்றாதீர்கள். பேங்கில் இருக்கும்வரை பல ஏர்லைன்களில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம், மாற்றிவிட்டால் திரும்ப வராது, அந்த ஒரு ஏர்லைன் நாளைக்கு என்ன செய்தாலும் நாம் அதோடு கட்டிப் போடப்பட்டிருப்போம். ஒரே ஒரு விதிவிலக்கு, மேக்னஸில் நடந்த மாதிரி விகிதமே பாதியாகப் போகிறது என்று தேதியோடு அறிவித்துவிட்டால். அப்போது பயணம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடலாம் என்பேன், அதுவும் மைல் நீண்ட நாள் இருக்கும் திட்டத்துக்கு, இரண்டு மூன்று வருடத்தில் நாம் நிச்சயமாகப் பறக்கக்கூடிய ஏர்லைனுக்கு. கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். சில டிரான்ஸ்பர் நிமிடத்தில் முடியும், சில பல நாள் எடுக்கும், கடைசி நாளில் ஊரே ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்.

மாற்றத்துக்கு முன்னால் "இப்போது மைல் வாங்கினால் முப்பது சதவீதம் போனஸ்" என்று ஒரு விற்பனை மெயிலும் சில சமயம் பின்னாலேயே வரும். எடுக்கப்போகிற டிக்கெட்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மைல் மட்டும் போதாமல் இருந்தால் வாங்கலாம். சேர்த்து வைப்பதற்காக வாங்குவது வேண்டாத வேலை.

விலை மாற்றத்தைத் தாண்டிய பெரிய ஆபத்து, ஏர்லைனே மாறுவது அல்லது மறைவது. நம் நாட்டில் இது மூன்று விதமாக நடந்திருக்கிறது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது, அதன் கிங் கிளப் பாயின்ட்டும் அதோடு மதிப்பிழந்தது. ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் 2019 ஏப்ரல் 17. ஆனால் அதன் ஜெட் பிரிவிலேஜ் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, அதே வருடம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பாயின்ட் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் அந்தப் பாயின்ட்டை எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12ல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கிளப் விஸ்தாரா பாயின்ட் ஒன்றுக்கு ஒன்றாக ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் திட்டத்துக்குப் போனது. கேட்க நன்றாக இருக்கும், எண்ணிக்கை அதேதான், ஆனால் செலவழிக்கும் அட்டவணை வேறு. அதே சமயம் ஏர் இந்தியா 2014லிருந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற ஏர்லைன் கூட்டணியில் இருப்பதால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா மாதிரி விமானங்களிலும் செலவழிக்கும் வழி சிலருக்குப் புதிதாகத் திறந்தது. இணைப்பு என்றாலே நஷ்டம் என்று சொல்ல முடியாது.

இந்த மூன்றிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது, ஒரு ஏர்லைன் சம்பளம் கொடுக்கத் தடுமாறுகிறது, வாடகை விமானங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வர ஆரம்பித்தால் பைசா மதிப்பெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஏர்லைனின் சொந்த விமானத்தில் டிக்கெட் எடுத்தும் பிரயோஜனமில்லை, விமானம் பறந்தால்தானே. கூட்டாளி ஏர்லைனில் சீட்டு கிடைத்தால் எடுங்கள், அதுவும் இல்லையென்றால் அப்போதுதான் மிக்ஸி, வவுச்சர்.

நம் பக்கத்துக்கே உரிய சில நடைமுறைச் சிக்கல் உண்டு. முதலாவது பெயர். ஏர்லைன் கணக்கு தொடங்கும்போது இனிஷியலை முன்னால் ஒரு எழுத்தாகப் போட்டிருப்போம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும். சாதாரண நாளில் இதைச் சரி செய்ய ஒரு மெயில் போட்டு, பாஸ்போர்ட் நகல் அனுப்பினால் போதும். விலை மாற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கஸ்டமர் கேர் லைனே கிடைக்காது. பேங்கில் ஒரு மாதிரியும் ஏர்லைனில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் டிரான்ஸ்பரே நிற்கும். இதை இன்றைக்கே பார்த்து வைப்பது நல்லது.

இரண்டாவது, பாயின்ட் மகன் பெயரில், பயணம் அப்பா அம்மாவுக்கு. பல திட்டங்களில் யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேர் வரை நாமினியாக முன்பே சேர்த்து வைக்க வேண்டும். அந்த ஐந்தில் ஏற்கெனவே நண்பர்களைப் போட்டு நிரப்பி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், எடுத்துவிட்டு மாமனாரைச் சேர்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

மூன்றாவது ஏர்போர்ட். தேவனஹள்ளி பெங்களூரின் அந்தப் பக்கக் கோடியில் இருக்கிறது, நாம் இந்தப் பக்கக் கோடியிலிருந்து போகிறோம். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி டோல்கேட், ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு என்று எல்லாவற்றையும் கடந்து போக வேண்டும், டாக்சி வாடகை, டோல், நேரம் மூன்றையும் கணக்கில் சேர்க்காமல் உள்நாட்டு டிக்கெட்டுக்கு மைல் கொடுப்பது அர்த்தமில்லை. தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறங்கினால் ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் சேலம் ஏர்போர்ட் இருக்கிறது, 2023 அக்டோபரில் அங்கே மறுபடியும் விமானங்கள் வர ஆரம்பித்தன. அந்தச் சின்னத் தூரத்துக்குப் பணமாகக் கொடுக்கும் டிக்கெட்டே மலிவாக இருக்கும்போது, மைலை அங்கே செலவழித்தால் பைசா கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது. பெரிய பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் ஏர்போர்ட் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் நிஜமாகவே என்னிடம் சொன்னார். 2,000 ஏக்கரில், வருடத்துக்கு மூன்று கோடிப் பயணிகளுக்கான ஏர்போர்ட் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது உண்மைதான். பெங்களூர் ஏர்போர்ட்டின் ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புது ஏர்போர்ட் கூடாது என்ற நிபந்தனை இருப்பதும் உண்மைதான். மூன்று வருட ஆயுளுள்ள மைலை வைத்துக்கொண்டு அதற்குக் காத்திருக்க முடியாது.

கடைசியாக, எல்லாம் போக இரண்டாயிரம், மூவாயிரம் மைல் துணுக்காக மிஞ்சும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். அடுத்து ஏதாவது பயணத்தில் சேரும் வாய்ப்பிருந்தால் விட்டுவையுங்கள், காலாவதி நெருங்கினால் கூடுதல் லக்கேஜுக்கோ சீட்டுத் தேர்வுக்கோ மைல் எடுத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள், சில ஏர்லைன்களில் டிக்கெட் பணத்தில் ஒரு பகுதியை மைலாகக் கட்டவும் விடுவார்கள். இவற்றில் பைசா மதிப்பு சுமார்தான். ஆனால் மூவாயிரம் மைலுக்கு அதற்கு மேல் எதிர்பார்க்கவும் வேண்டாம்.